சிவப்பு டேப்புக்கு மேலே போன கை

என் உயிர் மச்சான் நஸாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ மௌத்தாகி ஒரு வருடம் ஆகப் போகிறது. கப்றுக் குழியில் இருக்கிறவனுக்குக் கடிதம் எழுதுகிறான் பார் என்று கிண்ணியா ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். உன்னிடம் சொல்லவேண்டிய இந்தக் கதையை உயிரோடு இருக்கிறவர்களும் வாசிக்கவேண்டும்.

நீ முதலில் வாடகைக்கு விட்ட உன் ஒலிபெருக்கிச் சாமான்களைத்தான் விசாரிப்பாய். பெரிய ஸ்பீக்கர் இரண்டும் விலைப்பட்டு மூதூருக்குப் போய்விட்டன. வயர்களை நான்தான் சுருட்டி வைத்தேன். நீ சுருட்டுகிற மாதிரி வரவில்லை. பள்ளிவாசலுக்கு நீ எடுத்துத் தந்த கை மைக் அலுமாரிக்குள் கிடந்து, உப்புக் காற்றுக்கு அதன் வலைத் தலை துருப்பிடித்துவிட்டது. இப்போது பள்ளிக்கு வயரில்லாத மைக் வந்திருக்கிறது, சுவிச்சோடு. போன கிழமை, தொழுகைக்குப் பாங்கு சொல்கிற மோதினார் ஒரு மௌத்து அறிவித்தலை முழுதாக வாசித்து முடித்த பிறகுதான் சுவிச் போடவில்லை என்று கண்டார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அந்தப் பழைய மைக்கை வாங்கப் போன திருகோணமலைக் கடையில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் மினுங்குகிற மைக் ஒன்றை எடுத்து வைத்தார். நீ அதைத் தொடவே இல்லை.

"சுவிச் இல்லாதது காட்டுங்க அண்ணன். சுவிச்சக் கண்டா எங்கட ஆக்கள் நோண்டிக்கொண்டே இருப்பாங்க."

பிறகு என்னை மைக்குக்குப் பின்னால் நிற்க வைத்துக் கதைக்கச் சொன்னாய். எனக்கு விளங்கவில்லை. "முன்னுக்கு எடுக்கிறது எல்லா மைக்கும் எடுக்கும் மச்சான். பின்னுக்கு எடுக்காம இருக்கோணும். அப்பதான் ஸ்பீக்கர்ட சத்தம் திரும்ப உள்ள போய்க் கூவாது" என்றாய். நாலைந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாரமான கறுப்பு மைக் ஒன்றை எடுத்தாய். வீட்டுக்கு வந்ததும் அதன் கழுத்துக்குக் கீழே சிவப்பு டேப் சுற்றினாய். அது எனக்காகச் சுற்றியது.

கலியாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, மௌத்து அறிவித்தல், எதுவென்றாலும் நான்தான் அறிவிப்பாளன். குரல் இருந்தது, பழக்கம்தான் கூடாது. மைக்கின் தலையைப் பொத்திப் பிடிப்பேன், அப்படிப் பிடித்தால்தான் பெரிய ஆள் மாதிரி இருக்கும் என்று எனக்கொரு நினைப்பு.

"தலையப் பொத்தினா அதுக்கு முன் பின் தெரியாது. நாலு பக்கத்தாலயும் எடுத்துக் கூவும். இந்த டேப்புக்கு மேல உன்ட கை வந்தா விரல வெட்டுவன்" என்பாய். பதினைந்து வருடம் சொன்னாய்.

பள்ளி மினாராக் கோபுரத்தில் ஏறி, ஒரு ஸ்பீக்கரைக் குறிஞ்சாக்கேணி வயல் பக்கம் திருப்பி வைத்தவனும் நீதான். வயலில் நிற்கிறவர்களுக்கும் மௌத்து கேட்கவேண்டும் என்றாய். அந்த வயலில்தான் உன் கூடப்பிறந்த மூத்தவர், உன் காக்கா, இருந்தார். வாப்பா போன பிறகு உன்னை வளர்த்த அதே காக்கா. வளவு வேலிச் சண்டையில் இரண்டு வருடம் நீங்கள் இருவரும் முகம் பார்க்கவில்லை. "இந்தப் பெருநாளைக்கு நானே போய்க் கதைக்கப் போறன்" என்று என்னிடம் சொல்லியிருந்தாய். பெருநாள் வரை உன் நெஞ்சு பொறுக்கவில்லை, மாரடைப்பில் போய்விட்டாய்.

அன்று மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அறிவித்தலை என் கையில் தந்தார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். எத்தனையோ மௌத்தை வாசித்த வாய் எனக்கு. அதில் உன் பெயர் இருந்தது. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் போலிருந்தது. மைக்கின் தலையை இறுக்கிப் பிடித்தேன்.

வாயைத் திறந்த உடனே கூவத் தொடங்கியது. மோதினார் ஓடிப்போய் சத்தத்தை நன்றாகக் குறைத்தார். கூவல் அடங்கியது. நான் கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவர் பழையபடி கூட்டியிருப்பார். அந்தக் குறைந்த சத்தத்திலேயே மூன்று தரம் வாசித்தேன். பக்கத்துத் தெருக்களுக்குக் கேட்டது, வயலுக்குப் போகவில்லை.

காக்காவின் போனில் சார்ஜ் இல்லை. வீட்டுக்குப் போன ஆளுக்கு, வயலுக்குப் போய்விட்டார் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் தேடவில்லை. பள்ளியில் சொன்னால் வயலுக்குக் கேட்கும் என்பதுதானே எங்கள் ஊர் வழக்கம். சண்டைக்காரன், கேட்டும் வராமல் இருக்கிறான் என்று இரண்டு பேர் கதைக்கவும் செய்தார்கள்.

அடக்கம் முடிந்து, பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் காக்கா பள்ளிக்கு வந்தார். காலில் வயல் சேறு காயவில்லை. விசயம் கேட்டதும் உன்னை அடக்கிய மையவாடிக்குப் போய் உன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் போன என் பக்கம் திரும்பினார்.

"ஏன் மனே எனக்குச் சொல்லல்ல?"

"பள்ளியில அறிவிச்சனான் காக்கா."

"கேக்கல்லியே."

மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று சத்தத்தைக் கடல் பக்கம் கொண்டுபோயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

காக்கா காற்றை நம்பவில்லை. அன்று லுஹர் பாங்கு அவருக்கு வயலில் தெளிவாகக் கேட்டதாம். "பாங்கு கேட்டிச்சி, தம்பிட மௌத்து மட்டும் கேக்கல்ல. ரெண்டு வருசம் அவன்ட கதைக்கு நான் காது குடுக்கல்ல. அல்லாஹ் என்ட காத மூடிட்டான்" என்று காண்கிற ஆட்களிடமெல்லாம் சொல்கிறார். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். ஐந்து நேரமும் முதல் ஆளாகப் பள்ளிக்கு வந்து ஸ்பீக்கருக்குக் கீழேயே இருக்கிறார். சாப்பாடும் குறைந்து, ஆள் பாதியாகிவிட்டார்.

பத்து மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஊருக்கே அறிவிக்கிற வாய்க்கு ஒரு மனிதனிடம் உண்மை சொல்லத் தைரியம் வரவில்லை. போன மாதம் அந்தப் பழைய மைக்கை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சிவப்பு டேப்பைக் காட்டினேன். என் கை எங்கே இருந்தது என்று பிடித்துக் காட்டினேன். மோதினார் சத்தத்தைக் குறைத்ததையும் சொன்னேன். "உங்கட காதுல குத்தம் இல்ல காக்கா. என்ட கைதான்" என்று சொல்லி அழுதேன்.

அவர் மைக்கை வாங்கி, டேப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இது அவன் சுத்தினதா?"

"ஓம் காக்கா. நான் பிழையாப் பிடிக்கப்படாதெண்டு பதினஞ்சு வருசம் சொன்னவன்."

"அவன் பதினஞ்சு வருசம் சொல்லித் தந்தத நீ மறப்பியா? அதுவும் அவன்ட மௌத்துல?" என்றார். பிறகு என் தலையில் கையை வைத்தார். "நீ நல்ல பிள்ள மனே. என்ட பாவத்த உன்ட தலையில ஏத்தப் பாக்கிற. அது ஏலாது."

நம்பவில்லை, மச்சான். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்து, படலை வரை வந்து வழியனுப்பினார். என்னை அடித்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். நீ ஒருவன் சொன்னால் அவர் நம்புவார். உன்னை எங்கே போய்க் கூப்பிடுவது?

இந்தக் கடிதம் அச்சில் வந்ததும் அதைக் கொண்டுபோய், மைக் இல்லாமல், அவர் காதுக்குப் பக்கத்தில் இருந்து வாசிப்பேன். நம்பமாட்டார் என்று தெரியும். தேத்தண்ணி ஊற்றித் தருவார், குடித்துவிட்டு வருவேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் போவேன். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் உன் பக்கத்துக்கு வரும்வரை போய்க்கொண்டே இருப்பேன் என்று உனக்கு வாக்குத் தருகிறேன்.

உன் மௌத்தை உன் காக்காவுக்குக் கேட்காமல் செய்த,
உன் மச்சான் ஹனீபா