பழுக்காத கட்டி

அம்மணிக்கு,

நீ விட்டுவிட்டுப் போன உன் நாய் பிஸ்தாவுக்குக் கீழ்த்தாடையில் ஒரு கட்டி. கட்டி என்றதும் உங்கப்பா தினமும் மஞ்சள் பத்துப் போட ஆரம்பித்துவிட்டார். "பழுத்தாத் தானா ஒடஞ்சு போயிரும், சும்மா இரு" என்று எனக்கே பாடம். குட்டி பத்தை நக்கித் தின்றது, கட்டி வளர்ந்தது. கத்திக் கத்தி என் தொண்டைதான் புண்ணாயிற்று.

கடைசியில் குட்டியையும் அவரையும் பீளமேட்டுக் கால்நடை டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனேன். எக்ஸ்ரே எடுத்து, துளியூண்டு சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இது பழுக்கற கட்டி இல்லீங்க. பல்லாக வேண்டியது வழி தவறி வளந்துருச்சு. வேற எடத்துக்குப் பரவாது, ஆனாத் தாடையத் தின்னுபோடும். சுத்தி இருக்கற எலும்போட எடுத்துட்டாப் பொழச்சுக்குமுங்க."

நான் சரி என்றேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு உன் பேச்சையே எடுக்காத மனிதர் குறுக்கே வந்தார்: "நாய் எம்புள்ளயோடதுங்க. அவளக் கேக்காம அறுக்கக் கூடாதுங்க."

சரி, கேளுங்கள் என்று போனை நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறார். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்குள் வந்து சம்மதம் சொல்லு. அவரிடம் வேண்டாம், நாயிடம் சொன்னாலே போதும். பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

இரண்டு பிடிவாதங்களுக்கு நடுவில்,
உன் அம்மா