பனியில் விழுந்த வட்டம்

அன்புள்ள கர்ட்டிஸுக்கு,

நாங்கள் இருவரும் நலம். ஏரியில் உன் கப்பலும் நீயும் நலமென்று நம்புகிறேன். டெட்ராய்ட்டில் தபால் படகுக்காரர்கள் இதை வாளியில் வைத்து உன் கப்பலுக்கு ஏற்றும்போது நீ தூங்கிக்கொண்டிருந்தால், எழுப்பியதற்கு மன்னித்துக்கொள்.

ஐடாவின் வீட்டுக்கல்வியைச் சோதிக்க மதிப்பீட்டாளர் திருமதி ஹாஸ்டெட்லர் இன்று வந்துவிட்டுப் போனார். நடந்ததை வரிசையாகத்தான் சொல்வேன். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஐடா செப்டம்பரில் பழைய பள்ளிக்கே திரும்ப வேண்டும் என்பதுதானே நம் பேச்சு. தினமும் காலையில் வாந்தி எடுத்துவிட்டுப் பள்ளிப் பேருந்தில் ஏறிய அந்தப் பிள்ளை என் கண்ணைவிட்டுப் போகவேயில்லை.

கணக்கிலும் வாசிப்பிலும் பயமில்லை. அறிவியல்தான். நான் ஆசையாக வாங்கிய பாடப்புத்தகம் நான்காம் பாடத்தோடு நின்றுவிட்டது. நீ கப்பலேறிய மறுவாரம் வந்த வினை. வீட்டுக்குப் பின்னால் சதுப்பில் முளைக்கும் நாற்றக்கோசுச் செடி இருக்கிறதே, அதன் பூவைச் சுற்றி மட்டும் பனி வட்டமாக உருகியிருந்தது. வெயில் பட்டிருக்கும் என்றேன். கல்லூரி முடித்தவள் சொன்ன பதில். 'அங்க வெயிலே வராதேம்மா' என்றாள் ஐடா.

நீ வான்கோழி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் வெப்பமானியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கோபிக்காதே, கழுவிவிட்டேன். பனியில் குத்தினால் உறைகுளிர். பூவுக்குள் குத்தினால் நம் சமையலறைச் சூடு. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கைபேசியில் தேடப் போனேன். 'பாக்காதம்மா, நானே கண்டுபிடிக்கிறேன்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளியில் கேள்வி கேட்பதையே விட்டிருந்தவள். கைபேசியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதன்பிறகு வசந்தம் முழுக்க அந்த ஒரே செடி. உன் அம்மா தொலைபேசியில் கேட்டார்: 'ஊர்ப் பிள்ளைங்கல்லாம் சூரியக் குடும்பத்தை முடிச்சிட்டு மின்சாரத்துக்குப் போயாச்சு. உன் பொண்ணு இன்னும் சேத்துலயே நிக்கிறாளா?' ஆமாம் அத்தை, முழங்கால்வரைக்கும் என்றேன். சிரித்துவிட்டார். போனை வைத்த பிறகு எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இன்று திருமதி ஹாஸ்டெட்லர் நம் சமையலறை மேசையில் உட்கார்ந்து, இந்த வருடம் அறிவியலில் என்ன படித்தாய் என்று கேட்டார். நம் மகள் நிதானமாக, 'ஒண்ணும் படிக்கலை' என்றாள். அப்புறம் என்னதான் செய்தாய் என்றார் அவர். 'பாத்துக்கிட்டிருந்தேன். வாங்க, காட்றேன். செருப்பு நாசமாயிடும், பரவால்லையா?'

அந்த அம்மாள் உன் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு சதுப்பில் இறங்கினார், கர்ட்டிஸ். இப்போது பூ இல்லை, முறம் முறமாக இலைதான். பூ ஏன் சூடாக இருந்தது என்று ஐடாவிடம் கேட்டார். 'மூணு யோசனை இருக்கு. ஒண்ணு தப்புன்னு தெரிஞ்சுபோச்சு.' எது என்றார். 'அம்மா சொன்னது.' மற்ற இரண்டையும் அவர் காதில் மட்டும் சொன்னாள். அவர் ஒன்றுக்கும் விடை சொல்லவில்லை; அடுத்த பனியில் எப்படிச் சோதித்துப் பார்ப்பாய் என்றுதான் கேட்டார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். பாடப்புத்தகத்தை என்ன செய்வது என்று கேட்டேன். 'நாற்காலி உயரம் பத்தலன்னா போட்டு உக்காருங்க' என்றார்.

அவர் வண்டி திரும்பும்வரை நின்றுவிட்டு, உள்ளே வந்து அழுதேன். நல்ல அழுகைதான்.

போன ஆண்டு நான் பயந்து நின்றபோது, 'அவ அவசரப்படலை, நாமதான் அவசரப்படறோம்' என்று சொன்னது நீ. உன் ஓய்வு வாரங்களையும் விட்டுக்கொடுத்து நீ கப்பலிலேயே இருப்பதால்தான் நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறேன். அவள் சேற்றில் நிற்கிறாள். இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு எப்போதும் வாய் வராது. நன்றி, கர்ட்டிஸ்.

அந்த இரண்டு யோசனைகள் எனக்கும் தெரியாது. அப்பா வந்து பூவைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் சொல்வாளாம். அந்தப் பூ இந்த முறை உன்னை ஒரு வாரத்தில் தவறவிட்டது. வரும் மார்ச்சில் கப்பலேறுவதை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேப்டனிடம் கேள். அறிவியலுக்காக என்று சொல். அவர் சிரித்தால், என் மனைவி கேட்கிறாள் என்று சொல்.

ஏரி உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்
பெத்தனி