வாரம் இருபத்துநாலு

மார்ச் 3, செவ்வாய்

எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆம்பூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. ஷூ கம்பெனியில் என் பிளானிங் மேஜைக்கு வந்து உட்கார்ந்ததும் சுகுணாவின் மெசேஜ். என் மனைவி. ஆஸ்திரியாவில் நர்ஸ் வேலைக்குப் போய் இரண்டு வருடம். ஆறு மாதமாக என்னோடு சரியாகப் பேச்சில்லை.

"வாரம் 24 மட்டும் எனக்கு லீவு. வரணும்னா வாங்க. நேர்ல பேசி முடிவு பண்ணிடலாம். அதுக்கப்புறம் என்னை எதுவும் கேக்காதீங்க."

என்ன முடிவு என்று எனக்குத் தெரியாதா? அங்கேயும் எங்கள் கம்பெனி மாதிரி ஜனவரியிலிருந்து வாரத்தை எண்ணி நம்பர் போட்டுத்தான் பேசுவார்கள் போல. போயே ஆகவேண்டும். மதியத்துக்குள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.

மார்ச் 15, ஞாயிறு

குழாயில் தண்ணீர் இல்லை. குளிக்காமலே டிக்கெட் வேலை.

- வியன்னா வரை விமானம். அப்புறம் எல்லாம் ரயில்.
- முன்கூட்டியே எடுத்தால் பாதிக்கும் கம்மி. ஆனால் அந்த நாள், அந்த ரயில்தான். மாற்ற முடியாது, காசும் திரும்ப வராது.
- சீட் நம்பருக்குத் தனிக் காசாம். வேண்டாம். காட்பாடியில் அன்ரிசர்வ்டில் ஏறுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா.
- மே 10 சால்ஸ்பர்க், ஆறு பேர் படுக்கிற ஹாஸ்டல் ரூம். 11 காலை இன்ஸ்ப்ருக், அங்கிருந்து சின்ன ரயிலில் சுகுணா இருக்கிற ஊர்.
- புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி. அங்கே ஞாயிறு கடை கிடையாது.
- மலை உச்சிக்கு ஒரு ரயில் போகிறது. அதற்கு இரண்டு டிக்கெட். வருவாளா?

எல்லாம் எடுத்தாயிற்று.

மார்ச் 16

கட்டிங் செக்‌ஷன் அனீஸ் பாய் டீ குடிக்கும்போது கேட்டார். "இன்னா தோஸ்த், அவங்ககிட்ட தேதி சொல்லிட்டியா?" விசா வரட்டும், மொத்தமாக அனுப்புகிறேன் என்றேன். பொய். இப்போதே சொன்னால் வராதே என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். விசா கையில் இருந்தால் சொல்ல மாட்டாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

விசா வந்தது. மே 10 முதல் ஜூன் 1 வரை. ஆசை ஆசையாக முழு பிளானையும் சுகுணாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில்.

"மே 11-ஆ? அந்த வாரம் பூரா எனக்கு டியூட்டி. லீவு ஜூன் 8-லருந்து."

காலண்டரைப் பார்த்தேன். ஜூன் 8தான் வாரம் 24. நான் எடுத்திருப்பது வாரம் 20.

எப்படி என்று யோசிக்கவே வேண்டாம். வெளிநாட்டு பார்ட்டி வாரம் 24 என்றால், சரக்கு அவன் கையில் கிடைக்கிற வாரம் அது. கப்பலுக்கு நாலு வாரம். அதனால் நாங்கள் ஷீட்டில் அனுப்புகிற வாரம் 20 என்று எழுதுவோம். பதினொரு வருடமாக இதே வேலை. கை தானாகக் கழித்துவிட்டது. பெண்டாட்டியைப் பார்க்கப் போகிறவன் தன்னையே கன்டெய்னரில் ஏற்றி அனுப்பியிருக்கிறான். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. கம்பெனியில் அதற்குப் பஞ்சமில்லை.

ஏப்ரல் 29

டிக்கெட்: மாற்ற முடியாது.
விசா: புதிதாகப் போடவேண்டும். ஜூலைக்கு முன்னால் தேதியே இல்லை என்கிறார் வேலூர் ஏஜென்ட்.
அவள் லீவு: மாறாது.

அனீஸ் பாய் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு இரண்டு டீ சொன்னார்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். "டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

பயம் என்றேன்.

"இங்க வர்றதுக்கும் நீங்கதான் ஃபாரம் ஃபில்லப் பண்ணீங்க. அப்பவும் கேக்கல."

வைத்துவிட்டாள். உண்மைதான். வேலூர் பாகாயம் ஆஸ்பத்திரியில் பார்த்த வேலையே போதும் என்று அழுதாள். நான்தான் நல்ல சான்ஸ், நல்ல சான்ஸ் என்று பிடித்துத் தள்ளினேன்.

மே 5

போன் எடுக்கவில்லை. நேற்றும் இல்லை. போகாமல் இருந்துவிடலாமா? போகாவிட்டால் அதோடு முடிந்தது.

மே 9, சனி

பகலெல்லாம் புழுக்கம், இப்போது இடி. பை கட்டியாயிற்று. பாஸ்போர்ட், டிக்கெட் பிரிண்ட், ஸ்வெட்டர் (அனீஸ் பாயுடையது, கை நீளம்). மலை ரயில் டிக்கெட் இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

மதியம் அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஐந்து தடவை கேட்டேன். "காலைல ஆறு மணிக்கெல்லாம் டியூட்டி. மதியம் அரை மணி நேரம் பிரேக். கேன்டீனுக்கு வெளிய வந்து நில்லுங்க. ஆனா அந்த நேரத்துல நான் சாப்பிடணும்."

சாப்பிடட்டும். நான் அங்கே இருக்கிற ஐந்து நாளும் நிம்மதியாகச் சாப்பிடட்டும். வாயைத் திறக்க மாட்டேன்.

நிற்கச் சொல்லியிருக்கிறாள். நீ சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டு மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டாள். ஏழு மணிக்கு பஸ்.