வைரவருக்குப் படைத்த இலைக்கஞ்சி

அக்கா,

இன்று காலை பிள்ளைகளின் நிறுவைக்குப் போன இடத்தில் யாரோ ஒருத்தி கொதிக்கும் கஞ்சியில் முருங்கையிலை போட்டிருக்கிறாள். அந்தப் பச்சை வாசனை வேலி தாண்டி வந்தது. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. என் மூக்குக்கு அது இன்னும் தெரியவில்லை.

தொண்டைமானாற்றுக்கு அப்பால் உங்கள் குடியேற்றத்துக்கு நான் குடும்பநல உத்தியோகத்தராக, உங்கள் எல்லோருக்கும் ‘மிசி’யாக வந்தபோது, அந்த மணலில் முள்ளைத் தவிர வேறொன்றும் முளைத்திருக்கவில்லை. நீங்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், கரையில் ஒதுங்கும் சாதாளையை, அந்தக் கடற்புல்லைக் கூடை கூடையாக அள்ளி வந்தீர்கள். மாரி மழையில் உப்புக் கழுவவிட்டு மணலுக்குள் புதைத்தீர்கள். உப்பு நிலத்தில் என்னதான் வரும் என்று உள்ளுக்குள் சிரித்தவள் நான். தை மாதம் வந்து பார்த்தேன். முளைக்கீரை, பசளி, பயிற்றங்காய், வேலிநெடுக நட்ட முருங்கைத் தடிகளில் தளிர். அத்தனை வீடுகளுக்கும் அது பொதுத் தோட்டம். மண்ணிடம் நீங்கள் என்ன கதைத்தீர்களோ தெரியாது, அது கேட்டது.

ஆனால் என் தராசு அசையவில்லை. சின்னப் பிள்ளைக்கு இலைவகை கொடுத்தால் மாந்தம் வரும், வயிறு ஊதும் என்று தாய்மார் பயந்தார்கள். கீரை பெரியவர்களின் சோற்றுக்கோப்பைக்குப் போனது. பிள்ளைக்குச் சோறும் தண்ணிச் சொதியும்தான். படம் காட்டினேன், வகுப்பு வைத்தேன், கடைசியில் ஏசியும் பார்த்தேன். "ஓம் மிசி, ஓம் மிசி" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ரதியின் கடைக்குட்டிதான் எல்லோரிலும் மோசம். அடுத்த மாதமும் நிறை குறைந்தால் ஆஸ்பத்திரியில் விடத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கருவாடு காயப்போடும் வேலைக்குப் போய் மூன்று பிள்ளைகளைத் தனியாகப் பார்ப்பவள் ரதி. "நான் வாட்டிலை போய் நிண்டால் மற்றதுகளை ஆர் பாக்கிறது மிசி?" என்று அழுதாள். நீங்கள் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மூலையில், பூவரசின் கீழ், நீங்கள் நட்ட ஒரு சூலம் நின்றது. வைரவர். "முதல் ஆய்ஞ்ச இலை வைரவருக்கு. படைச்ச கஞ்சி வீட்டை போகப்படாது. பிள்ளையள்தான் முதல் குடிக்கவேணும்" என்று சட்டம் போட்டீர்கள். பயறும் தேங்காய்ப்பாலும் போட்டு, கைநிறைய முருங்கையிலையும் போட்ட கஞ்சி. என் படங்களுக்கு அசையாத தாய்மார் வைரவருக்கு மறுப்புச் சொல்வார்களா? ரதி மகளுக்கு ஊதி ஊதிப் பருக்கினாள். மாந்தப் பயம் போகாமலேதான் பருக்கினாள். பிறகு, "வைரவருக்குச் செவ்வாயும் பசிக்குதாம்" என்றீர்கள். அடுத்த கிழமையே அவருக்கு நாள்தோறும் பசிக்கத் தொடங்கிவிட்டது.

எனக்குக் கோபம். "அக்கா, உது சனத்தை ஏமாத்திறதெல்லோ?" என்று கேட்டேன்.

பானை கழுவிக்கொண்டிருந்த நீங்கள் நிமிரவில்லை. "ஆர் ஏமாத்தினது? நான் மெய்யாத்தான் கும்பிடுறன்." பானையைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "எனக்கும் ஒரு பெட்டை இருந்தவள் மிசி. முகாமிலை. மாந்தம் எண்டு பயந்து, வெறும் கஞ்சித்தண்ணியோடை வைச்சிருந்தன். தப்பேல்லை. பயந்தவளுக்குப் பேச்சுக் கேளாது. பக்கத்திலை ஒரு துணை வேணும்."

நீங்கள் அடுத்த பானையை எடுத்தீர்கள். நான் பக்கத்தில் குந்தித் தண்ணீர் ஊற்றினேன்.

அடுத்த நிறுவை நாள் ரதியின் மகளைத் தராசில் தூக்கிவிட்டேன். முள் போன மாதத்து நிறையைத் தாண்டி நின்றது. நம்பாமல் இறக்கி, திரும்பவும் ஏற்றினேன். அதே நிறைதான். கொப்பியில் அவளுடைய நிறைக்கோடு முதன்முதலாக மேலே ஏறியது. ரதி சூலத்தைப் பார்த்துக் கையெடுத்தாள், நான் உங்களைப் பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகள் பிறக்கக் கண்டவள் நான், அக்கா. அன்றைக்குப் போல என் உடம்பு ஒருநாளும் சிலிர்த்ததில்லை. தன் பிள்ளைக்குக் கொடுக்கப் பயந்த ஒரு பிடி இலையை ஊர்ப்பிள்ளைகள் எல்லோருக்கும் ஆக்கிக் கொடுக்க ஒரு மனுசியால் எப்படி முடிந்தது? இன்றைக்கும் அது எனக்கு விளங்கவில்லை.

இப்போது வேறு ஊர்களையும் பார்க்கிறேன். பயப்படும் தாயை ஏசுவதில்லை. அவள் முதல் வாய் ஊட்டும்வரை பக்கத்தில் குந்தியிருக்கிறேன். உங்களிடம் கற்ற துணை அது. பகுதியில் உள்ள பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் என் பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் மகளின் பெயரை மட்டும் அன்று கேட்காமல் விட்டுவிட்டேன். இனிக் கேட்க ஆளில்லை. அதனால் ஒவ்வொரு மாதமும் புதுப் பக்கம் திறக்கும்போது, முதல் வரியை வெறுமையாக விட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்குகிறேன்.