மூன்றாவது கியர் உன் குற்றமில்லை

என் வளர்மதி அக்காவுக்கு,

தனசேகரை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தக் கதையையும் கடைசிவரை பொறுத்துக் கேட்டவளில்லையே நீ.

உன்னைப் பார்த்திராதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம். சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் அப்பாவுக்கு நீ மூத்தவள். இரண்டே கதவுள்ள பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, லாரிகளுக்கு நடுவில் நிறுத்தி, நீயே பிரித்து நீயே பூட்டினாய். திருச்செங்கோட்டுப் பக்கம், விற்காமல் கிடக்கும் ஒரு வீட்டுமனை லே-அவுட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்ப் பைத்தியங்கள் கூடுவார்கள். ஆளில்லாத அந்தத் தார் ரோட்டில் ஒவ்வொருவராக ஓட்டி நேரம் பார்ப்பார்கள். இடம், போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் முதலாளி தனசேகருடையது. மைக்கும் அவன் கையில்தான் இருக்கும்.

போன வருஷம் அங்கே நீ ஓட்டியபோது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகையில் லீவர் நழுவியது. எஞ்சின் மட்டும் அலறியது, வண்டி தளர்ந்துபோனது.

"பாப்பா அதக் கொழம்புக் கரண்டின்னு நெனச்சுட்டாளாட்ட இருக்குது!" என்றான் மைக்கில்.

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரிக்க முயன்றாய். அந்த முகத்தை எவனோ வீடியோ எடுத்தான். சாயங்காலத்துக்குள் வாட்ஸப் முழுக்க நீ 'கரண்டி மதி' ஆகிவிட்டாய். பட்டறைக்கு வந்த ஒரு டிரைவர் அப்பாவின் எதிரிலேயே அப்படிச் சொன்னான்.

எனக்கு மட்டும் விளக்கிச் சொன்னாய். "சின்னு, கை தப்பலடி. ஆக்சிலேட்டர உட்டதும் எஞ்சின் முன்னயும் பின்னயும் ஆடுது. கியர்பாக்ஸும் கூடவே ஆடுது. அப்பறம் லீவர் எப்படிக் கையில நிக்கும்? ஒரு டேம்பர் போட்டு எஞ்சினப் புடிச்சு நிறுத்தோணும்."

டேம்பருக்குச் சொல்லிவிட்டாய். அது வருவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நாங்கள். பார்சல் வந்த அன்று உன் கருமாதி முடிந்திருந்தது.

இதையெல்லாம் விதி என்று விட்டிருப்பேன் அக்கா. எழவு வீட்டுக்கு மாலையோடு வந்த தனசேகர், மாலையைப் போட்ட கையோடு அப்பாவிடம் என்ன சொன்னான் தெரியுமா? "வண்டிய எனக்கே குடுத்துருங்க. அந்தப் புள்ளைக்குத்தான் ஓட்டத் தெரியாமப் போச்சு, நானாச்சும் நல்லா ஓட்டறேன்." உன்னை இன்னும் எடுக்கக்கூட இல்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை.

டேம்பரை நானே பூட்டினேன். பைக்கின் ஷாக் அப்சார்பரைச் சின்னதாகச் செய்த மாதிரி இருந்தது. ஒரு முனை எஞ்சினில், மறு முனை வண்டியின் உடம்பில். அதைத் தாங்கும் பட்டை ஏசி பைப்பில் இடித்தது. அரத்தால் ராவி விலக்கினேன். முதலில் இறுக்கமாக வைத்துவிட்டேன் போல, ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டே நடுங்கியது. "கொஞ்சம் தளத்திப் பாரு சாமி" என்றார் பின்னால் நின்ற அப்பா. உன் வண்டியின் பக்கம் அவர் வந்தது நீ போனபிறகு அன்றுதான். தளர்த்தினேன். நடுக்கம் அடங்கியது.

எடப்பாடி ரோட்டில் எடுத்துப் போனேன். இரண்டாவதில் இழுத்து, விட்டு, மூன்றாவது போட்டேன். தாழ்ப்பாள் விழுவது போல 'டக்'கென்று விழுந்தது. லீவர் உதறவே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை அக்கா, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவுதானா? முழ நீளம்கூட இல்லாத ஓர் இரும்பு இல்லாததற்கா உன்னைப் பார்த்து அப்படிச் சிரித்தார்கள்?

மறுநாள் தனசேகருக்குப் போன் செய்தேன். "வண்டி வேணும்னீங்கல்ல? ஞாயித்துக்கெழம எல்லாரு முன்னாடியும் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

சனிக்கிழமை டேம்பரைக் கழற்றி டிக்கியில் வைத்தேன். நீ ஓட்டிய வண்டி எப்படி இருந்ததோ, அப்படியே அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஏமாற்றவும் இல்லை. சாவியைக் கொடுக்கும்போதே சொன்னேன், "அக்கா ஓட்டுன அதே வண்டிதானுங்க. மூணாவது போடறப்ப லீவர் நழுவும், பாத்துக்குங்க."

"அதெல்லாம் ஓட்டத் தெரியாதவிய சொல்றது" என்று சிரித்து, மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினான்.

இரண்டாவதில் நன்றாகத்தான் இழுத்தான். மூன்றாவதில் கியர் 'கர்ர்' என்று பல்லைக் கடித்தது. எஞ்சின் அலறியது. திரும்பி வந்து இன்னொரு தரம் போனான். மறுபடியும் அதே சத்தம். அன்று உன்னைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் அங்கே நின்றிருந்தார்கள்.

மைக்கில் கேட்டேன்: "ஏனுங்க, இப்ப யாரும் சிரிக்கலீங்களா?"

பிறகு பானெட்டைத் திறந்து, எல்லோரும் பார்க்க, டேம்பரைப் பூட்டினேன். ஏறி ஓட்டினேன். ஒரு கியரும் தப்பவில்லை. அன்றைக்கு அவனுடைய வெளிநாட்டுக் கார் எடுத்த நேரத்தைவிட உன் வண்டி எடுத்த நேரம்தான் குறைவு.

இறங்கியதும் அவன் சொன்னான்: "சாமானப் போட்டுட்டு யாரு வேணா ஓட்டலாம்."

"அதத்தானுங்க நானும் சொல்றேன். சாமான் இல்லாத கொறைக்கு எங்கக்கா பழி சொமந்துட்டுப் போயிட்டா. வண்டி விக்கறதுக்கில்லீங்க. கோளாறு வண்டியிலதான்னு மைக்குல நீங்களே சொல்லுங்க."

முகம் கறுத்துப்போனது. சுற்றிலும் பார்த்தான். யாரும் அவன் பக்கம் வரவில்லை. "வண்டியிலதான் கோளாறு… அந்தப் புள்ள மேல தப்பில்ல" என்று மைக்கை வாங்கி முனகினான். "கேக்கலீங்க" என்றேன். மறுபடியும், சத்தமாகச் சொன்னான்.

அவன் கியர் பல்லைக் கடித்ததை அங்கே ஒருவர் எடுத்த வீடியோவை வாங்கி, உன் வீடியோ போன அத்தனை குரூப்புக்கும் நானே அனுப்பினேன். "போதும் சாமி, உட்டுரு" என்றார் அப்பா. நீ இருந்திருந்தால் நீயும் அதையே சொல்லியிருப்பாயோ? இல்லை, என் முதுகில் ஓர் அடி போட்டுச் சிரித்திருப்பாயோ? எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று ராத்திரி, நீ போனபிறகு முதல் முறையாக, நன்றாகத் தூங்கினேன்.

இன்னும் விடுவதாக இல்லை. அங்கே ஓட்ட வருகிறவர்கள் வண்டிக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும், முறை வரும்போது தனசேகர் அதை மைக்கில் கூப்பிட வேண்டும். உன் காருக்கு நான் 'வளர்மதி' என்று பெயர் கொடுத்திருக்கிறேன். போன ஞாயிறு அந்தப் பெயருக்கு வந்ததும் தொண்டையைச் செருமினான். நான் ஸ்டார்ட் செய்யாமல் காத்திருந்தேன். கூப்பிட்டான். இனி ஒரு ஞாயிறு விடாமல் போவேன் அக்கா. அவன் வாயாலேயே, ஊர் கேட்க, உன் முழுப்பெயரைச் சொல்ல வைப்பேன். இது சத்தியம்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
சின்னு