ரீடர்ல லைட் அணையற வரைக்கும் கேமரா கார்டைத் தொடாதீங்க

என்னங்க, வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வச்சிருக்கு. சாவி உங்க சட்டைப் பையிலதான், வீட்டைப் புரட்டாதீங்க.

நேத்து கம்ப்யூட்டர் "கார்டை ஃபார்மட் பண்ணவா?"ன்னு கேட்டிருக்கு. யார் எது கேட்டாலும் தலையாட்டற மனுஷன், அதுக்கும் சரின்னுட்டீங்க. நான் எடுத்த பள்ளிக்கூட விழாப் படமெல்லாம் போச்சுன்னு வீடே ரெண்டுபடக் கத்திட்டேன். கத்தினது தப்புதான். ஃபார்மட்ல போறது படங்களோட பட்டியல் மட்டும். மேல புதுசா எதுவும் பதியாத வரைக்கும் படம் கார்டுலயேதான் கிடக்கும். தொழில் தெரிஞ்ச நானே பதறிட்டேன்.

காலைல மீட்டுப் பார்த்தேன். விழா முழுசா வந்துடுச்சு. கூடவே நான் எடுக்காத முப்பத்தோரு படமும் வந்துச்சு. எல்லாத்துலயும் நான்தான். லென்ஸ் துடைக்கிறேன், வாயைப் பிளந்து தூங்கறேன், உங்களைத் திட்டறேன். எடுத்துட்டு, நான் பார்த்துடுவேன்னு பயந்து அழிச்சிருக்கீங்க. திருட்டுப் பய!

இப்போ அதெல்லாம் கம்ப்யூட்டர்ல இறங்கிட்டு இருக்கு. பாதியில கார்டை உருவிடாதீங்க.

பி.கு: தூங்கற படம் மங்கல். வெளிச்சம் கம்மின்னா சென்சார் படம் பிடிக்க நேரம் எடுக்கும், அதுவரைக்கும் கை ஆடக் கூடாது. உங்க கை ஆடியிருக்கு.

பிரிண்ட் போட அதைத்தான் பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போறேன்.