கேட்டில் ஒட்டிய நிரல்

உன் நிரல் இருந்த ஃப்ளாப்பி திறந்துவிட்டது. நேற்று மாலை போனில் இதை உறுதிப்படுத்தியவள் ஹேமா. நாவலூரில் அவள் வேலை செய்யும் இடத்தில் யாரிடமோ ஃப்ளாப்பி படிக்கும் பழைய டிரைவ் இருந்திருக்கிறது. "பூஞ்சை பிடிச்சிருந்துச்சு சார். ஆனா ஒரு வரிகூட போகல" என்றாள். நீ காலமானபின் உன் வீட்டு அலமாரியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தவர் உன் மனைவி.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நம் சேலையூர் தெருவில் இன்டர்நெட் இருந்த ஒரே வீடு உன்னுடையது. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் எல்லோரும் பெற்றவர்களுக்கு உன் முகவரியில்தான் மெயில் போட்டார்கள். நீ அச்செடுத்து, மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, ஆபீஸ் போகும் வழியில் வீட்டுக்கு வீடு கொடுப்பாய். அதுவரை பொறுக்காதவர்கள் தாங்களே வந்து கேட்பார்கள்.

"படிச்சுட்டுத்தானே குடுக்கறே?" என்று சீண்டுவேன்.

"போடா, என் மாமனார் லெட்டரையே படிக்க நேரமில்ல" என்பாய். ஆனாலும் அது உன்னை உறுத்தியிருக்க வேண்டும். மெயில் திரையில் தெரியாமல் நேராகப் பிரின்டருக்குப் போகும்படி ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதினாய்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில் ஒருத்தி நம் தெரு ஸ்டெல்லா டீச்சரிடம், "பொண்ணு அங்க தனியாத்தான் இருக்காளாமே?" என்று கேட்டுவிட்டாள். வெளிநாட்டிலிருக்கும் மகள் கணவனைப் பிரிந்ததை டீச்சர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. உன் வீட்டில் அச்சான மெயிலில் மட்டுமே இருந்த செய்தி அது. தெரு உன்னைப் பார்த்தது. அந்த வாரம் மெயில் கேட்டு ஒருவரும் வரவில்லை.

"நான் படிக்கலன்னு சொன்னா எவன்டா நம்புவான்?" என்றாய். நிரல் முழுவதையும் அச்சடித்து, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்ற குறிப்போடு வெளி கேட்டில் ஒட்டினாய். பால்காரர் நின்று பார்த்து, "இன்னா சார், கேட்டுக்கு ஜாதகம் எழுதி வெச்சிகீறே?" என்றார்.

படித்தது ஹேமா மட்டும்தான். அடுத்த தெருப் பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டு அப்போதுதான் கிண்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ரயிலிறங்கி வந்தவள் கடைசி வரிவரை நின்றே படித்துவிட்டு உன் வீட்டு மணியை அடித்தாள்.

"சார், கரன்ட் போனா மறுபடி பிரின்ட் எடுக்க ஒரு காப்பி வெக்கறீங்க. சரி. பிரின்ட் ஆனப்புறம் அதை எங்க அழிக்கறீங்க?"

நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். "அழிக்கல" என்றாய்.

உன் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட வரும் மச்சினன் அந்தக் காப்பியைத் திறந்து பார்த்து, வெளியே உளறியிருந்தான். கேட்டதுமே ஒப்புக்கொண்டான்.

அவன் பெயரை நீ எழுதவில்லை. அதே தாளின் அடியில், "தப்பு என்னுடையது. கண்டுபிடித்தவர் ஹேமா. திருத்திவிட்டேன்" என்று எழுதி, திருத்திய வரிகளையும் ஒட்டினாய். டீச்சர் வீட்டுக்குப் போக என்னைத் துணைக்கு அழைத்தாய். அவர் முழுக்கக் கேட்டார்.

"என் விஷயம் வெளிய போனது போனதுதான் தம்பி. அதுல எனக்கு வருத்தம் உண்டு. ஆனா உங்க தப்பை நீங்களே கேட்டுல ஒட்டியிருக்கீங்க. மெயில் உங்க வீட்டுக்கே வரட்டும்."

மறுவாரம் மற்றவர்களும் வந்தார்கள். விஷயம் கேள்விப்பட்ட பிள்ளைகள் மஸ்கட்டிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் அந்த நிரலைக் கேட்டு எழுதினார்கள். எல்லோருக்கும் அனுப்பினாய். தெருவில் இருந்தவரை ஒருவரோடொருவர் பேசாதவர்கள், அதைப் பற்றி எழுத ஆரம்பித்து வாரந்தோறும் மெயிலிலேயே கூடிக்கொண்டார்கள்.

நான் வேலை பார்த்த பத்திரிகையில் என் செய்தி தப்பாகிப்போன போதெல்லாம், திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவில் போடச்சொல்லி ஆசிரியரோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் பிடிவாதம் உன்னுடையது.

ஹேமா நேற்றிரவே நிரலை உன் பெயரில் இணையத்தில் வைத்துவிட்டாள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். இன்று காலைவரை தப்பு சொல்லி யாரும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு தப்பையாவது யாராவது கண்டுபிடித்து எழுதுவார்கள் என்கிறாள்.